சாம்பல் கொட்டிய வருஷம்

1954, மார்ச் 1. பசிபிக் கடலின் பிகினி தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டைச் சோதித்த நாள். ஜப்பானின் யாய்சு துறைமுகத்துச் சூரை மீன் படகு ஒன்றில் 23 பேர். வெளேரென்று சாம்பல் கொட்டுகிறது. குண்டு கிளப்பிய பவளப்பாறைத் தூள், கதிரியக்கத்தோடு. தலையிலும் சட்டைக்குள்ளும் விழ, தட்டிவிட்டபடியே தூண்டில் கயிற்றை இழுத்திருக்கிறார்கள், பாவம். கரை திரும்புவதற்குள் முடி கொட்ட ஆரம்பித்துவிட்டது. ரேடியோ ஆபரேட்டர் குபோயாமா செப்டம்பரில் இறந்தார். வயது 40. டோக்கியோ சந்தைக்கு வந்த அந்தப் படகின் மீனை யாரும் தொடவில்லை, குழி தோண்டிப் புதைத்தார்கள்.

அதே வருஷம் ஜூலை 1-இல்தான் ஜப்பானின் தற்காப்புப் படையும் பிறந்தது. 'படை வைத்திருக்க மாட்டோம்' என்கிற 9-ஆவது பிரிவு அரசியலமைப்பில் அப்படியே இருக்க! பெயரில் ராணுவம் இல்லை, அவ்வளவுதான்.

1967-இல் பிரதமர் சாட்டோ, அணு ஆயுதம் வைத்திருக்க மாட்டோம், செய்ய மாட்டோம், உள்ளே விடவும் மாட்டோம் என்றார். 1974-இல் அமைதி நோபலும் வாங்கினார். நடுவில் 1969-இல், அவசரம் என்றால் தெற்குத் தீவான ஒகினாவாவுக்குள் அணு ஆயுதம் கொண்டுவரலாம் என்று அமெரிக்க அதிபர் நிக்சனோடு ரகசியக் கையெழுத்து! அந்தத் தாள் வெளியே வந்தது 2009-இல், அவர் வீட்டிலிருந்தே.

அந்த மரப்படகு இப்போதும் டோக்கியோவில், யுமெனோஷிமா பூங்காவில் நிற்கிறது.