ஒரு வீல் சிலிண்டருக்காக ஏழு மாதம்

பார்சல் வந்த அன்றைக்கு நான் செய்த முதல் தப்பு, பெட்டியைப் படம் எடுத்து நாலு பேருக்கு அனுப்பியதுதான். கூடவே ‘கிடைச்சிருச்சு’ என்று ஒரு வரி வேறு. மங்கிப்போன அட்டைப்பெட்டி, மேலே பழைய லேபிள், உள்ளே எண்ணெய்த்தாளில் சுற்றிய, ஒருத்தர் கையும் படாத வீல் சிலிண்டர், அதாவது மிதியை அழுத்தினால் சக்கரத்தில் பிரேக்கைத் தள்ளிப் பிடிக்கவைக்கிற சின்ன இரும்பு உருளை. ஐந்து மாதமாகத் தேடியது. ராத்திரி மேசை மேல் வைத்து, ஓரத்தில் இருந்த ரப்பர் மூடியை நகத்தால் லேசாகத் தள்ளிப் பார்த்தேன். சருகு மாதிரி உடைந்து கையோடு வந்துவிட்டது. பிஸ்டனைத் தள்ளினால் அசையவே இல்லை. பெட்டியில் இருந்தாலும் ரப்பருக்கு வயசாகும் என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை, ஆனால் ஆசை வந்துவிட்டால் தெரிந்தது எல்லாம் மறந்துபோகிறது.

சரி, முதலில் இருந்து சொல்கிறேன்.

வண்டி டொயோட்டா லேண்ட் குரூசர் 40, பெட்ரோல், நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக், சுற்றும் டிரம்முக்குள் ஷூ விரிந்து அழுத்தி நிறுத்தும் வகை. முன்சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு வீல் சிலிண்டர்கள், அவற்றிலேயே ஷூவைத் தள்ளிவைக்கும் பல்சக்கர அட்ஜஸ்டர். இடது முன்பக்கம் ஒரு அட்ஜஸ்டர் துருப்பிடித்து இறுகிவிட்டது. மெக்கானிக் அண்ணன் சூடு காட்டினார், எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவைத்தார், கடைசியில் பொறுமை போய்ச் சுத்தியலை எடுத்தார். சிலிண்டரின் காது விரிசல் விட்டது. “தம்பி, இதுக்கு புதுசுதான் போடணும், ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல, ஒரு வாரத்துல வாங்கிட்டு வந்துடு” என்றார். அந்த ஒரு வாரம்தான் தலைப்பில் இருக்கும் ஏழு மாதம்.

உதிரிபாகக் கவுண்டருக்குப் போனேன். அங்கே இருந்தவர் தலையைத் தூக்காமலே “சேசிஸ் நம்பர் சொல்லுங்க சார்” என்றார். சொன்னேன். தட்டினார். “இன்னும் சொல்லுங்க.” அவ்வளவுதான் என்றேன். “பதினேழு எழுத்து வரணுமே சார், ஆர்.சி.யை நல்லா பாருங்க.” பதினேழு இலக்க எண் என்பது 1981-ஐ ஒட்டித்தான் பொது வழக்கத்துக்கு வந்தது, என் வண்டி அதற்கு முந்தியது, எஃப்ஜே40 என்று ஆரம்பித்து ஒரு கோடும் சில இலக்கங்களும்தான் இருக்கும் என்று விளக்கினேன். அவர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். பதினேழு கட்டங்களில் பாதி காலியாக இருந்தன, கீழே சிவப்பில் ஏதோ எழுதியிருந்தது. “சிஸ்டத்துல இல்லாத வண்டி சார் இது.” வண்டி வெளியே வாசலில் நிற்கிறது, வந்து பாருங்கள் என்றேன். வரவில்லை.

இதில் கம்பெனி மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஐம்பது வருஷத்து வண்டிக்கு இன்னும் பாதிப் பாகம் கிடைப்பதே பெரிய விஷயம். 40 வரிசைக்குச் சில பாகங்களைத் திரும்பச் செய்து தருவதாக 2021-ல் டொயோட்டாவே அறிவித்தது, ஜிஆர் ஹெரிட்டேஜ் பார்ட்ஸ் என்ற பெயரில், அதற்கு முன்னால் தன்னுடைய 2000ஜிடி காருக்கும் பழைய சூப்ரா காருக்கும் செய்த மாதிரி. எல்லாப் பாகமும் அதில் வராது, நம்முடையது வருமா என்று பார்த்துவிட்டுத்தான் மற்ற இடத்தில் தேட வேண்டும். நான் பார்த்தபோது எனக்கு வேண்டியது இல்லை. என் கோபம் எல்லாம் அந்தக் காலிக் கட்டங்கள் மேல்தான்.

இரண்டாவது முறை போனபோது பார்ட் நம்பரோடு போனேன். இதுதான் முக்கியம்: வண்டி நம்பரைக் கொண்டுபோகாதீர்கள், பாகத்தின் நம்பரைக் கொண்டுபோங்கள். பார்ட் நம்பரைத் தட்டினால் அவர்கள் கணினி வண்டி எது என்றே கேட்காது. தட்டினார். நிறுத்தப்பட்டது என்று வந்தது. பக்கத்தில் வேறு யாரோ எதையோ கேட்க, இவர் அவசரத்தில் மறுபடி தட்டினார், இந்த முறை “ஆர்டர் எடுக்குது சார், போட்டுடவா, அட்வான்ஸ் கட்டணும்” என்றார். முதலில் இல்லை என்றது இப்போது எப்படி எடுக்கிறது என்று கேட்டேன். “சில சமயம் அப்படித்தான் சார்.” கட்டினேன். ரசீதைச் சரியாகப் பார்க்காமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். இது பின்னால் வரும்.

காத்திருந்த நேரத்தில் சும்மா இருக்க முடியாமல் வெளியூர் விற்பனையாளர் ஒருவருக்கு எழுதினேன். வண்டி எந்த வருஷம் என்று கேட்டார். பதிவுப் புத்தகத்தில் இருந்ததைப் பார்த்து 1976 என்று சொன்னேன். மூன்று வாரம் கழித்து அழகான ஒரு பெட்டி வந்தது. உள்ளே டிஸ்க் பிரேக்கில் தட்டைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பருக்கான சீல் கிட். என் வண்டியில் டிஸ்க்கே கிடையாது.

தப்பு என்னுடையதுதான். பதிவான வருஷம் வேறு, தொழிற்சாலையை விட்டு வந்த மாதம் வேறு. கப்பலில் வந்து, யார் கிடங்கிலோ கிடந்து, அப்புறம் பதிவாகி இருக்கும். எழுபதுகளின் நடுவில் இந்த வண்டியில் அடுத்தடுத்து நிறைய மாறியது: பழைய எஃப் இன்ஜின் போய் 2எஃப் வந்தது, முன்சக்கரத்துக்கு டிஸ்க் வந்தது, அதுவும் எல்லா நாட்டுக்கும் ஒரே நாளில் இல்லை. அதனால்தான் டொயோட்டாவின் உதிரிபாகப் பட்டியலில் ஒவ்வொரு பாகத்துக்கும் பக்கத்தில் நாலு இலக்கமாகத் தேதி போட்டிருப்பார்கள், 7401 என்றால் 1974 ஜனவரி. அந்தத் தேதி தயாரித்த மாதத்தைச் சொல்கிறது, பதிவான மாதத்தை இல்லை. அமெரிக்காவுக்கு, ஐரோப்பாவுக்கு, மற்ற நாடுகளுக்கு என்று பட்டியலும் தனித்தனி, உங்கள் வண்டி எந்தச் சந்தைக்குச் செய்தது என்று தெரியாமல் புரட்டினால் பக்கத்து வீட்டுக்காரன் சட்டையைப் போட்டுப் பார்த்த கதைதான். வண்டியின் அடையாளத் தகட்டில் மாதம் இல்லாவிட்டால் சீட் பெல்ட் லேபிளைப் பாருங்கள், மாற்றாத பெல்ட்டாக இருந்தால் அதில் தேதி இருக்கலாம், வண்டி அதற்குச் சற்றுப் பின்னால் பிறந்திருக்கும். என் வண்டியின் பெல்ட் 1974 கடைசி என்றது. அந்த கிட் இன்னும் அலமாரியில் இருக்கிறது, யாருக்காவது வேண்டுமா?

இந்தச் சண்டையில் கற்றுக்கொண்ட இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. டொயோட்டா பார்ட் நம்பர் ஐந்து இலக்கம், ஒரு கோடு, மறுபடி ஐந்து இலக்கம். முதல் ஐந்து அது என்ன பொருள் என்று சொல்லும், பின்னால் வரும் ஐந்து எந்த வண்டிக்கு என்று சொல்லும், அது 60 என்று ஆரம்பித்தால் பெரும்பாலும் லேண்ட் குரூசர் பாகம். ஆனால் முன்பாதி 90 என்று ஆரம்பித்தால் சந்தோஷப்படுங்கள். போல்ட், பேரிங், ஆயில் சீல் மாதிரிப் பொதுவான சாமான்கள் அவை. 90311 என்றால் ஆயில் சீல், கோட்டுக்கு அடுத்த இரண்டு இலக்கம் பெரும்பாலும் உள்விட்டம், மில்லிமீட்டரில். அந்த அளவைக் கொண்டுபோய் எந்த சீல் கடையில் கொடுத்தாலும் தேடித் தருவார்கள், வண்டி பேரையே சொல்ல வேண்டாம். சொன்னால்தான் ஆபத்து, “அதெல்லாம் வராதுங்க” என்று பார்க்காமலே சொல்லிவிடுவார்கள். பேரிங்கும் அப்படித்தான். கோயோ, என்எஸ்கே என்று செய்தவன் பேரும் அவனுடைய நம்பரும் வளையத்திலேயே பொறித்திருக்கும், வண்டிக் கம்பெனி அதைத் தன் பெட்டியில் போட்டு விற்றது, அவ்வளவுதான். வண்டிக் கம்பெனி நிறுத்தினாலும் பேரிங் செய்கிறவன் நிறுத்தியிருக்க மாட்டான்.

வீல் சிலிண்டருக்கு இந்த வித்தை பாதிதான் பலித்தது. அது அந்த வண்டிக்கென்றே வார்த்த இரும்பு.

நடுவில் ஒரு நகலும் வாங்கிப் பார்த்தேன், மறைக்கவில்லை. மலிவு, பளபளப்பு, இரண்டு நாளில் வந்தது. மாட்டினதும் பிரேக் பிடித்தது. நாலாவது வாரம் டயரின் உள்பக்கம் ஈரம். கழற்றிப் பார்த்தால் துளைக்குள் கடைசல் வரிகள் விரலுக்கே தட்டுப்படுகின்றன, கசியாமல் அடைக்கிற ரப்பர் கப் அதில் உரசி உரசி ஓரம் தேய்ந்துவிட்டது. எல்லா நகலும் மோசம் என்று சொல்ல மாட்டேன், கதவு ரப்பர், விளக்குக் கண்ணாடி எல்லாம் நகல்தான் போட்டிருக்கிறேன், நன்றாக இருக்கின்றன. பிரேக்கில் இனி போட மாட்டேன், போடுவதானால் முதலில் துளைக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டுத்தான்.

அப்புறம் தேடல். பழைய ஸ்டாக் விற்கிறவர்கள் பலர் பட்டியலில் இருந்து எடுத்த படத்தைத்தான் போடுவார்கள். அந்தப் பாகத்துக்குப் பக்கத்தில் ஒரு தாளில் இன்றைய தேதியை எழுதி வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், பாதிப் பேர் அதோடு பேச்சை நிறுத்திவிடுவார்கள், உங்களுக்கு அலைச்சல் மிச்சம். ஒருவர் அனுப்பினார், தேதியோடு, ஆனால் படத்தில் இருந்தது வலது பக்கத்தது. “திருப்பிப் போட்டா போதும்” என்றார். போதாது. திருப்பினால் காற்று எடுக்கும் நிப்பிள் கீழே போய்விடும், மேலே தங்கின காற்று எங்கே போகும்? இன்னொருவர் ஆக்ஸிலோடு முழுசாக எடுத்தால்தான் தருவேன் என்றார். ஒரு ஸ்க்ரூவுக்காக வீட்டை வாங்கு என்கிற மாதிரி. ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு, ஒன்றொன்றாகக் கழற்றிக் கொடுத்தால் கடைசியில் அவரிடம் மிஞ்சுவது யாருக்கும் வேண்டாத இரும்புதான்.

கடைசியில் கிடைத்தது, கடையை மூடப்போகிற ஒரு பெரியவரிடம். அவருக்குக் கணினி கிடையாது, அட்டைகளில் கையால் எழுதின இருப்புக் கணக்குதான். நான் பார்ட் நம்பரைச் சொன்னதும் இல்லை என்றார். போனை வைக்கப் போனவன், சும்மா ஒரு நப்பாசையில், அதற்கு முந்தைய நம்பரையும் படித்தேன். ஒரே பாகத்துக்கு நம்பர் மாறிக்கொண்டே வரும், புதுக் கணினியில் கடைசி நம்பர்தான் தெரியும், பழைய அட்டையில் பழைய நம்பர்தான் எழுதியிருக்கும். காகிதம் புரளும் சத்தம் கேட்டது. “ஒண்ணு இருக்கு” என்றார். ஏழு மாதத்தில் என் புத்தியால் நடந்த நல்ல காரியம் இது ஒன்றுதான், அதனால் கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்கிறேன். பழைய நம்பர்களை எல்லாம் ஒரு தாளில் வரிசையாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெட்டிதான் ஆரம்பத்தில் சொன்னது.

மறுநாள் மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்க, அவர் உடைந்த ரப்பரைத் தூர எறிந்துவிட்டு இரும்பை மட்டும் கையில் எடுத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத் துளைக்குள் பார்த்தார். “இரும்பு புதுசுதானே தம்பி, ரப்பர் வாங்கிக்கலாம்.” பிஸ்டனைக் காற்று விட்டுத் தள்ளினார், உள்ளே ஒரு இடத்தில் மட்டும் வட்டமாகக் கறை. துளையைத் தேய்த்து வழவழப்பாக்கும் ஹோன் கல்லை விட்டு நாலு சுற்று, போய்விட்டது. குழி விழுந்திருந்தால் உள்ளே ஸ்லீவ் என்ற மெல்லிய குழாய் போட வேண்டி வந்திருக்கும், பிழைத்தேன்.

கப் வாங்குவதில் ஒரு கண்ணி இருக்கிறது. வெர்னியரில் அளந்தே வாங்குங்கள். ஜப்பான் வண்டிதானே, எல்லாம் மில்லிமீட்டர் என்று நினைக்காதீர்கள், அந்தக் காலத்துச் சிலிண்டர்களில் அங்குலக் கணக்கும் உண்டு. ஒரு அங்குலத் துளை என்றால் 25.4 மில்லிமீட்டர், அதற்குள் 25 கப் போட்டால் சுலபமாக உட்காரும், கடைக்காரர் “பாருங்க, கரெக்டா இருக்கு” என்பார், அப்புறம் கசியும். எனக்கு முதலில் தந்தது அப்படித்தான் ஒரு பொடி அளவு சின்னது, திருப்பிக் கொடுத்துவிட்டு, அதே துளை அளவுள்ள ஏதோ ஒரு லாரியின் கிட் வாங்கினோம். கழுவும்போது பெட்ரோலோ டீசலோ தொடக்கூடாது, இன்ஜின் ஆயில் தடவி ஏற்றவே கூடாது, கப் ஊதிப்போய்விடும். பிரேக் ஆயிலையே தடவி ஏற்றுங்கள்.

மாட்டி, காற்று எடுத்து, ஓட்டிப் பார்த்தோம். நேராக நின்றது.

இது நடந்து இரண்டு மாதம் கழித்து, ஆக ஏழாவது மாதத்தில், முன்பின் தெரியாத நம்பரில் இருந்து அழைப்பு. “சார், உங்க ஆர்டர் வந்திருக்கு.” எனக்கு என்ன ஆர்டர் என்றே நினைவில்லை. போனேன். அதே கவுண்டர், அதே ஆள், புத்தம்புதுப் பெட்டி. வாங்கித் திருப்பிப் பார்த்தேன், லேபிளில் கடைசிக்கு முந்தைய இலக்கம் என் தாளில் இருந்ததைவிட ஒன்று கூட. பையில் மடித்துக் கிடந்த ரசீதை எடுத்துப் பார்த்தால் அதிலும் அதே நம்பர். அன்றைக்கு அவசரத்தில் ஒரு இலக்கம் மாற்றித் தட்டியிருக்கிறார், அதனால்தான் கணினி ஆர்டரை எடுத்திருக்கிறது. வலது பக்கத்தது.

“ரிட்டர்ன் எடுக்க மாட்டோம் சார்” என்று நான் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னார். வேண்டாம், நானே வைத்துக்கொள்கிறேன் என்றேன். என் வண்டிக்கும் வலது பக்கம் ஒன்று உண்டே. வீட்டுக்கு வந்து, பெட்டி மேல் மார்க்கர் பேனாவால் மாதமும் வருஷமும் எழுதி, கீழே ‘ரப்பரைப் பார்த்துவிட்டு மாட்டவும்’ என்றும் எழுதி, அந்த காலிப்பர் கிட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.