நைட் ஷிப்ட் நூல் ஏன் பலமாக இருந்தது

ஜூலை 12, சனி

பயன்பாட்டுப் புள்ளியியல், இரண்டாவது பேப்பர், இன்று முதல் வகுப்பு. போன வருடம் முதல் பேப்பரைத் தேறியதில் எனக்குக் கொஞ்சம் மிதப்பு இருந்தது உண்மைதான். டி டெஸ்ட், கை ஸ்கொயர், ஒரே ஒரு எக்ஸை வைத்து ஒய்யைக் கணிக்கக் கோடு போடும் ரிக்ரஷன், எல்லாம் கைக்கு வந்துவிட்டது. ஸ்பின்னிங் மில் லேபில் பதினோரு வருடம் குப்பை கொட்டிய எனக்கு எண்கள் புதிதா என்ன?

மேடம் வந்ததும் நான்கு சின்ன அட்டவணைகளைக் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். நான்கிலும் எக்ஸின் சராசரி 9, ஒய்யின் சராசரி 7.5, இரண்டும் எவ்வளவு சேர்ந்து போகின்றன என்று சொல்லும் கோரிலேஷன் 0.816, ரிக்ரஷன் கோடும் அதே 3 + 0.5 எக்ஸ். எல்லாம் ஒன்றுதானே என்று கால்குலேட்டரை மூடி வைத்தேன். "இப்போ வரைஞ்சு பாருங்க" என்றார். ஒன்று ஒழுங்கான சிதறல், ஒன்று வில் மாதிரி வளைவு, ஒன்று நேர்கோடு ஆனால் ஒரே ஒரு புள்ளி எங்கேயோ மேலே. நாலாவதில் பத்துப் புள்ளிகளும் எக்ஸ் 8இல் குத்துக்கோடாக நிற்க, 19இல் தனியாக நிற்கும் ஒரே ஒரு புள்ளிதான் கோட்டையே தீர்மானிக்கிறது. பிரான்சிஸ் ஆன்ஸ்கோம்ப் 1973இல் செய்து வைத்த அட்டவணைகளாம். பதினோரு வருடத்தில் எங்கள் லேப் ரிப்போர்ட்டில் நான் ஒரு படம்கூட வரைந்ததில்லை. சராசரி, சிவி சதவீதம் (ரீடிங்குகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பது), கையெழுத்து, அவ்வளவுதான்.

ஜூலை 20, ஞாயிறு

புராஜெக்டுக்கு மில் டேட்டாவையே எடுத்துக்கொள்ளலாம் என்று மேனேஜரிடம் அனுமதி வாங்கியாயிற்று. 40ஆம் நம்பர் நூல், மூன்று மாத ரீடிங். ஒய் என்பது சிஎஸ்பி. தெரியாதவர்களுக்கு: ராப் ரீலில் 120 கஜம் சுற்றினால் ஒரு லீ, அதை லீ டெஸ்டரில் மாட்டி அறுத்தால் எத்தனை பவுண்டில் அறுகிறதோ அதைக் கவுண்ட்டால் (நூலின் நம்பர், நூல் மெலிய மெலிய ஏறும்) பெருக்கினால் சிஎஸ்பி. எக்ஸ் பக்கம் பஞ்சின் நீளம், பலம், மைக்ரோனேர் (பஞ்சிழை எவ்வளவு மெலிசு என்று காட்டும் அளவு), நூலின் முறுக்கு, அப்புறம் ஷிப்ட்.

மத்தியானம் முழுக்க 'ஆர்' மென்பொருளோடு மல்லுக்கட்டு. மைக்ரோனேருக்கு ஒரு குணகம் (அது ஒன்று ஏறினால் ஒய் எவ்வளவு மாறும் என்ற எண்) வர வேண்டிய இடத்தில் திரை முழுக்க வரிவரியாகக் கொட்டியது. தேடித் தேடிப் பார்த்தால், ரீடிங் இல்லாத ஒரு இடத்தில் யாரோ 'இல்லை' என்று டைப் செய்திருக்கிறார்கள். அந்த ஒரு சொல்லுக்காக மொத்தப் பத்தியையும் எழுத்து என்று எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு எண்ணையும் தனித்தனிப் பிரிவாக்கி வைத்திருக்கிறது. யாரோ என்ன யாரோ, நான்தான்.

இன்னொன்று. ஷிப்ட்டை 1, 2, 3 என்று போட்டிருந்தேன். அப்படியே விட்டால் 3ஆம் ஷிப்டான முழு நைட் என்பது பகலைப் போல மூன்று மடங்கு என்று அது நம்பிவிடும். இது எண் இல்லை, வெறும் பிரிவு, அதாவது ஃபாக்டர் என்று சொல்லி மாற்ற வேண்டும். போன பேப்பரில் இதெல்லாம் வரவில்லை, அங்கே டேட்டா குளித்துத் தலைவாரித்தான் வகுப்புக்கு வரும்.

ஆகஸ்ட் 2, சனி

இன்று மானம் போயிற்று. பஞ்சு நீளத்தின் குணகம் மைனஸில் வந்திருக்கிறது, அதாவது நீளப் பஞ்சு போட்டால் நூல் பலவீனமாகும் என்று என் மாடல் சொல்கிறது. இதை மில்லில் சொன்னால் மிக்ஸிங்கில் இருக்கும் பையன்கூடச் சிரிப்பான். தனியாக நீளத்தை மட்டும் வைத்துப் போட்டால் ஒழுங்காக பிளஸ்.

மேடம் பார்த்துவிட்டு, "நீளமான பஞ்சு பெரும்பாலும் பலமான பஞ்சாகவும் இருக்குமில்லையா?" என்றார். இருக்கும்தான். எங்கள் லாட்டுகளில் இரண்டும் கைகோத்துக்கொண்டு ஏறி இறங்குகின்றன. அப்படி இருக்கும்போது 'பலத்தை அப்படியே வைத்து நீளத்தை மட்டும் கூட்டு' என்று மாடலைக் கேட்டால், அதற்குச் சொல்ல ஆதாரமே இல்லை, ஏதோ ஒரு பக்கம் உருட்டிவிடுகிறது. இதுதான் மல்டிகோலினியாரிட்டி. அளந்து பார்க்க விஐஎஃப்: நீளத்தை மற்ற எக்ஸ்களை வைத்தே கணிக்க முயன்று, அதில் வரும் ஆர் ஸ்கொயரை (கணிப்பு எவ்வளவு பொருந்துகிறது என்று 0 முதல் 1 வரை சொல்லும் எண்) 1இலிருந்து கழித்து, அதால் 1ஐ வகுக்க வேண்டும். ஆர் ஸ்கொயர் 0.9 என்றால் விஐஎஃப் 10. பத்தைத் தாண்டினால் கவனி என்று பலரும், ஐந்திலேயே கவனி என்று சிலரும் சொல்கிறார்கள். எனக்குப் பத்தைத் தாண்டித்தான் வந்தது.

ஆகஸ்ட் 9, சனி

மில்லில் ஆடிட். வகுப்பு மட்டம்.

ஆகஸ்ட் 23, சனி

பலத்தை வைத்துக்கொண்டு நீளத்தை எடுத்துவிட்டேன். மாடல் இப்போது பார்க்கும்படி இருக்கிறது. ஷிப்ட்டையும் ஒரு ஓரமாக விட்டுவிட்டேன், ஒரே மெஷின், ஒரே பஞ்சு, அதில் ஷிப்ட்டுக்கு என்ன வேலை என்று. ஆர் ஸ்கொயரும் மோசமில்லை, எழுதி முடித்துவிடலாம் என்று இருந்தேன். ரெசிடுவலை, அதாவது நிஜ ரீடிங்குக்கும் மாடலின் கணிப்புக்கும் உள்ள வித்தியாசத்தை, படம் போட்டீர்களா என்று மேடம் கேட்டார். போட்டேன். பூஜ்யத்தைச் சுற்றி மழைத்துளி தெறித்த மாதிரி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பட்டை, ஒன்று மேலே, ஒன்று கீழே, நடுவில் வெறும் இடம். ஷிப்ட் வாரியாக நிறம் கொடுத்ததும் மேல் பட்டை கிட்டத்தட்ட முழுக்க முழு நைட். ஜூன் பாதிக்கு மேல்தான் அப்படி, ஏப்ரல் கடைசியில் எல்லாம் கலந்தே கிடக்கிறது.

நைட் ஷிப்ட்காரர்கள் நல்ல நூல் ஓட்டுகிறார்கள் என்று இரண்டு மாதமாக மீட்டிங்கில் பாராட்டு வேறு.

ஆகஸ்ட் 25, திங்கள்

முழு நைட்டில் லேப் பார்க்கும் அண்ணனுக்காகக் காலை ஷிப்ட் மாறும்வரை காத்திருந்தேன்.

"அண்ணா, நைட்ல டெஸ்ட் எப்படிப் பண்றீங்க?"

"எப்பவும் போலத்தானுங்க. ஏசி மட்டும் போடறதில்லீங்க, கரண்ட் மிச்சம் பண்ணச் சொல்லியிருக்காங்கல்ல. ஜன்னலைத் தொறந்து வச்சா காத்து சும்மா ஜம்முனு வருதுங்க."

அவ்வளவுதான் விஷயம். லேப் 65 சதவீத ஈரப்பதத்தில் இருக்க வேண்டும், 27 டிகிரி. தென்மேற்குப் பருவக்காற்று நேரத்தில் ராத்திரி ஜன்னலைத் திறந்தால் வெளி ஈரம் பூராவும் உள்ளே. பருத்தி ஈரம் குடித்தால் பலம் கூடும், இது எங்கள் தொழிலில் பாலபாடம். லீயின் எடையும் ஏறும், அதனால் கவுண்ட் கொஞ்சம் இறங்கும், ஆனாலும் பெருக்கிப் பார்த்தால் சிஎஸ்பி மேலேதான் நிற்கும். இத்தனை தெரிந்த நான் அந்த எண்களை இரண்டு மாதமாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

செப்டம்பர் 6, சனி

கண்டுபிடித்த பெருமையோடு வகுப்பில் சொன்னேன், ஷிப்ட்டை மாடலில் சேர்த்துவிட்டால் சரி என்று. மேடம் உடனே அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகக் கதைக்குப் போனார். 1973இல் அங்கே மேற்படிப்புக்கு விண்ணப்பித்த ஆண்களில் 44 சதவீதம் பேருக்கும் பெண்களில் 35 சதவீதம் பேருக்கும் இடம் கிடைத்தது. பார்த்தால் பச்சையான பாரபட்சம். துறை துறையாகப் பிரித்தால் பெரும்பாலான துறைகளில் அந்த இடைவெளி இல்லை, சிலவற்றில் பெண்களுக்கே சாதகம். இடம் கிடைப்பதே கடினமான துறைகளில் பெண்கள் அதிகம் விண்ணப்பித்திருந்தார்கள். "உங்க ஷிப்ட்டும் அப்படித்தான். ஷிப்ட் நூலை இழுத்துப் பலமாக்கல, ஈரம் ஷிப்ட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கு. ஈரத்தை அளந்தீங்களா?"

அளக்கவில்லை. சுவரில் டிரை, வெட் தெர்மாமீட்டர் (இரண்டு ரீடிங்கும் நெருங்க நெருங்க ஈரம் அதிகம்) ஆணியில் தொங்குகிறது, வெட் பல்பின் துணி காய்ந்து விறைத்துப்போய் எத்தனை நாளோ.

செப்டம்பர் 11, வியாழன்

துணியை மாற்றி, தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் இரண்டு ரீடிங்கையும் எழுதச் சொல்லி ஒரு தாள் ஒட்டியிருந்தேன். இரண்டு வாரம் வழக்கம்போலவே நடக்கட்டும், எதையும் மாற்ற வேண்டாம், ஈரம் எவ்வளவு ஏறினால் பலம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லியும் இருந்தேன். காலையில் முழு நைட் தாளைப் பார்த்தேன்.

மணி 2.40, டிரை 25, வெட் 24.

அதற்குக் கீழே அண்ணன் கையெழுத்தில், அடிக்கோடு போட்டு: ஜன்னல் மூடியாச்சு. ஏசி ஆன்.