கொலாஜை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

ஓவியம், சிற்பம், புகைப்படம். கண்காட்சி விண்ணப்பத்தில் ‘படைப்பின் வகை’ என்ற கட்டத்தில் இந்த மூன்றுதான் இருந்தன. கிடைத்த தாள், அட்டைத் துண்டுகளை ஒட்டிக் கொலாஜ் செய்கிறவர்கள் எதில் டிக் போடுவது என்று கேட்டேன். “எதுக்குக் கிட்ட வருதோ அதுல போடுங்க” என்றார் அலுவலர். ஓவியத்தில் போட்டால், அடுத்த கேள்வி எண்ணெயா அக்ரிலிக்கா என்று வருகிறது. என் வேலையில் வண்ணம் என்று சொல்ல ஓரத்தில் கொஞ்சம் மை இருக்கிறது, அவ்வளவுதான்.

குழுக் கண்காட்சிக்கு நடுவர்கள் தேர்வு செய்ததில் ஒரு சிரமமும் இல்லை. அதற்கப்புறம் வந்த காகித வேலைதான் ஆளைப் படுத்திவிட்டது.

என்ன ஒட்டியிருக்கிறேன் என்று சொன்னால்தான் சிக்கல் புரியும். அம்மா படுத்த படுக்கையாக இருந்த காலத்தில் வீட்டில் சேர்ந்தவை அவை: மாத்திரை அட்டைகள், மருந்துக்கடை ரசீதுகள், மருத்துவர் கிறுக்கிய சீட்டுகள், எப்போது என்ன கொடுத்தோம் என்று வீட்டில் மாறி மாறி எழுதிவைத்த நோட்டுத் தாள்கள். ஒருவரைக் கவனித்துக்கொள்ளும் வேலை கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மிஞ்சுவதில்லை. துடைத்துவிட்டது, புரட்டிப் படுக்கவைத்தது எல்லாம் அன்றோடு போயிற்று. சீட்டு மட்டும்தான் நிற்கிறது. காலி அட்டைகளை வெள்ளிப் பக்கம் மேலே இருக்கும்படி ஓடு வேய்வது போல ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி ஒட்டினேன். ஃபாயில் கிழிந்த ஓட்டைகள் வழியே அடியிலுள்ள நோட்டு வரிகள் தெரியும். “2 மணி - தண்ணீர் மட்டும்.”

‘பயன்படுத்திய பொருள்கள்’ கட்டத்தில் இதையெல்லாம் எழுதப்போய்த்தான் மாட்டிக்கொண்டேன். மாத்திரைக் கம்பெனியின் பெயர் தெரிகிறது, விளம்பரமாகிவிடும், அனுமதிக் கடிதம் வேண்டும் என்றார்கள். சீட்டில் இருப்பது யார் கையெழுத்து, அவரிடமும் கடிதம் வாங்கி வாருங்கள் என்றார்கள். ஜெர்மன் கலைஞர் குர்ட் ஷ்விட்டர்ஸ் 1919-இல் ஒரு வங்கி விளம்பரத்தைக் கத்தரித்து ஒட்டி, அதில் மிஞ்சிய ‘மெர்ஸ்’ என்ற துண்டையே தன் கலைக்குப் பெயராக வைத்துக்கொண்டார். அவரை யாராவது வங்கியிடம் கடிதம் வாங்கிவரச் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாரோ.

வாதாடிப் பயனில்லை. எந்த விதியின்படி கேட்கிறீர்கள் என்று மின்னஞ்சலில் கேட்டேன். கையெழுத்து விவகாரம் அதோடு காணாமல் போய்விட்டது! கம்பெனிப் பெயருக்கு, விளம்பர நோக்கம் இல்லை என்று நானே எழுதிக்கொடுத்தது போதுமானதாக இருந்தது. வாய்மொழியாக வரும் ஆட்சேபணையை எழுத்தில் கேளுங்கள். பாதி அங்கேயே உதிர்ந்துவிடும். ஆனால் மருத்துவச் சீட்டில் நோயாளியின் பெயரும் பதிவு எண்ணும் வெளியே தெரியக்கூடாது என்று அவர்கள் சொன்னது நியாயம். நான் ஒட்டும்போதே அவற்றை அடுக்குக்குள் மறைத்திருந்தேன்.

அளவு விஷயத்தில் ஒரு பயணமே வீண். ஃபிரேம் சேர்க்காமல் அளவு சொல்லுங்கள் என்று போனில் சொன்னவர்கள், கொண்டுபோன அன்று ஃபிரேமோடு டேப் வைத்து அளந்து, கூடுதல் என்று திருப்பி அனுப்பினார்கள். புடைப்பான பொருள்கள் கண்ணாடியில் இடிக்காமல் இருக்க ஆழமான ஃபிரேம்தான் போட முடியும். மெலிதாக்குங்கள் என்றால் எங்கே போவது? சட்டத்தின் அகலத்தைக் குறைத்து வேறு ஃபிரேம் போட்டுக்கொண்டு போனேன்.

ரசீதுகளை ஒட்டுகிறவர்களுக்கு ஒன்று. அது வெப்பத்தாள், அதாவது மை இல்லாமல் சூட்டால் எழுத்து பதியும் தாள், எழுத்து தானாகவே வெளிறும். செலோடேப் ஒட்டினால் இன்னும் சீக்கிரம் போகும். இஸ்திரிப் பெட்டியோ லேமினேஷனோ காட்டினால் தாளே கறுத்துவிடும். முதலில் ஸ்கேன் செய்துவையுங்கள். எனக்கு அந்த வெளிறலே தேவைப்பட்டது, அதனால் ‘நிலைத்திருக்குமா’ என்ற கேள்விக்கு ‘ரசீது எழுத்துகள் மங்கும், அது படைப்பின் பகுதி’ என்று எழுதினேன். மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். கருப்பொருள் விளக்கம் என்று தனியாக ஒரு பத்தி எழுதிக்கொடுத்ததை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. சுவரில் ஒட்டிய சீட்டில் என் பொருள் பட்டியலை முழுசாக அச்சிட்டிருந்தார்கள். வந்தவர்கள் அதைப் படித்துவிட்டுத் திரும்பப் போய் ஓட்டைகளுக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

கடைசிக் கட்டம் காப்பீட்டு மதிப்பு. “பழைய சீட்டுதானே, ரொம்பப் போடாதீங்க” என்று அறிவுரை வேறு. அமெரிக்கக் கலைஞர் ராஷன்பெர்க் 1959-இல் செய்த ‘கேன்யன்’ படைப்பில் பாடம் செய்த வெண்தலைக் கழுகு ஒன்று இருக்கிறது. அந்தப் பறவையை விற்கவே கூடாது என்பது அமெரிக்கச் சட்டம். அதனால் உரிமையாளர் இறந்தபின் வாரிசு வரிக்கு மதிப்புப் போட்டபோது, வாரிசுகள் தரப்பு மதிப்பீட்டாளர்கள் பூஜ்யம் என்றார்கள், வரித்துறை 6.5 கோடி டாலர் என்றது. கடைசியில் 2012-இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துத்தான் வழக்கை முடித்தார்கள். என்னுடையது அந்த ரகமில்லை. ஆனாலும் பூஜ்யம் போடவில்லை. வேலை நேரத்தையும் ஃபிரேம் செலவையும் கூட்டிப் போட்டேன். ஒப்படைத்தபோது நான்கு மூலைகளையும் போட்டோ எடுத்து, ‘சேதமில்லை’ என்று ரசீதில் எழுதி வாங்கினேன். அலுவலருக்கு முகம் சுருங்கியது. திரும்பி வந்தபோது ஃபிரேமின் ஒரு மூலை பிளந்திருந்தது. அந்த ரசீதை நீட்டினேன், பழுதுபார்க்கும் செலவை ஏற்றுக்கொண்டார்கள்.