டெல்லி டு சான் ஃபிரான்சிஸ்கோ: அம்மாவுக்காகப் போட்ட நேரக் கணக்கு

தங்கைக்குப் பிரசவம், அவள் இருப்பது சான் ஃபிரான்சிஸ்கோ பக்கத்தில் ஃப்ரீமாண்டில். டெல்லி மயூர் விஹாரிலிருந்து அம்மாவை நான்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அம்மாவுக்கு வயது 71, சர்க்கரை, பிரஷர் இரண்டுக்கும் வேளை தவறாமல் மாத்திரை உண்டு, அதனால் எனக்குத் தெரிய வேண்டியதெல்லாம் வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து தங்கை வீட்டு வாசல் வரை எத்தனை மணி நேரம் என்பதுதான்.

முதலில் தூரத்தை வைத்துக் கணக்குப் போட்டேன். நேர்த் தூரம் சுமார் 12,400 கிலோமீட்டர், மணிக்கு 900 என்று வைத்தால் பதினாலு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். ஆனால் விமானம் அந்த நேர்க்கோட்டில் போவதில்லை. 2016-இல் ஏர் இந்தியா இந்த வழியை அட்லாண்டிக் பக்கத்திலிருந்து பசிபிக் பக்கமாக மாற்றியபோது தூரம் ஏறக்குறைய 1,400 கிலோமீட்டர் கூடி 15,300 ஆனது, இருந்தும் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் காற்று பின்னாலிருந்து தள்ளியதில் இரண்டு மணி நேரம் போல மிச்சமானது. அதைப் படித்த பிறகு கிலோமீட்டரைப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

சரி, டிக்கெட்டைப் பார்ப்போம் என்றால், சனிக்கிழமை காலை 4 மணிக்குக் கிளம்பி அதே சனிக்கிழமை காலை 7 மணிக்கு இறங்குகிறது! இரண்டும் அந்தந்த ஊர் நேரம். அக்டோபரில் தங்கையிடம் கேட்டுப் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம் என்று குறித்து வைத்திருந்தேன், அதன்படி பயணம் பதினைந்தரை மணி நேரம். நாங்கள் போனது நவம்பர் இரண்டாம் வாரம். நவம்பர் முதல் ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்துவிடுவார்கள், வித்தியாசம் பதிமூன்றரை ஆகிவிடும். மாத்திரை அட்டவணையை எழுதி முடித்த பிறகுதான் இது உறைத்தது, மொத்தத்தையும் அடித்துத் திரும்ப எழுதினேன். சரியான கணக்கு பதினாறரை மணி நேரம்.

வெள்ளி இரவு பதினொன்றரைக்குக் கிளம்பினோம். டிக்கெட் போடும்போதே வீல்சேர் கேட்டிருந்ததால் டெல்லி விமான நிலையத்தின் டி3-இல் (மூன்றாவது டெர்மினல்) அம்மா ஒரு அடிகூட நடக்கவில்லை, அந்த நீள நடையை அவரால் நடந்திருக்கவே முடியாது. இறங்கும்வரை மாத்திரையை இந்திய நேரப்படியே கொடுங்கள் என்று எங்கள் டாக்டர் சொல்லியிருந்தார் (அவரவர் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்), அதனால் என் கைக்கடிகாரத்தை மாற்றவே இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அம்மாவை எழுப்பி நடக்க வைத்தேன். அங்கே இமிக்ரேஷன், பெட்டி எல்லாம் முடிய இரண்டு மணி நேரம், அப்புறம் காரில் ஒரு மணி நேரம். ஆக, வாசலிலிருந்து வாசலுக்கு 24 மணி நேரம்.

இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் ஜன்னலில் வெளிச்சம் வந்தது. கிளம்பிய கொஞ்ச நேரத்தில் ஒரு விடியலைப் பார்த்தாயிற்று, நடுவில் ஒரு ராத்திரியும் போய்விட்டது. அம்மா கேட்டார், "இன்னும் சனிக்கிழமைதானாடா?"

"ஆமாம்மா, சனிக்கிழமைதான்" என்றேன்.