ஒற்றைப்படை அத்தியாயங்கள்

ஜூன் 3
அப்பாவுக்கு ஊசி போட்டுச் சதை எடுத்தாயிற்று. ரிப்போர்ட் வர அஞ்சு நாளாம்.

ஜூன் 4
உக்கடத்துப் பழைய புத்தகக் கடையில் கிரைம் நாவல் நாலு வாங்கினேன், எல்லாம் ராஜேஷ்குமார். மூன்று ஏற்கெனவே படித்தவை. அட்டையைப் பார்த்தபோது தெரியவில்லை, இரண்டாம் பக்கத்தில்தான் பிடிபட்டது. 1500 நாவலுக்கு மேல் எழுதியவரிடம் எதைப் படித்தோம், எதை விட்டோம் என்று யார் கணக்கு வைப்பது? நம்ம கோவைக்காரர் என்பதால் அப்பாவுக்குத் தனி உரிமை. நிஜப்பெயரில் ‘ராஜகோபால்’ என்றுதான் சொல்வார், ஏதோ கூடப் படித்தவர் மாதிரி.

ஜூன் 5
கையில் ட்ரிப்ஸ் ஊசி, புத்தகத்தைப் பிடிக்க முடியவில்லை. நான் வாசித்தேன். முதல் அத்தியாயம் முடிந்ததும், “மூணுக்குப் போ கண்ணு” என்றார்.

ஒன்றில் கோவையில் கல்யாண வீடு என்றால், இரண்டில் சென்னையில் ஒரு பிணம். ராஜேஷ்குமாரின் தடம் அது. ரெண்டும் கடைசிவரை தனித்தனியாக ஓடும். அத்தியாயத்தின் கடைசி வரியில் ஒருத்தி கதவைத் திறந்து உறைந்து நிற்பாள். எதைப் பார்த்து என்று தெரிய நாம் அடுத்த ஊர் போய்வர வேண்டும். அந்த எரிச்சல்தானே ருசி! அப்பாவோ மாலைமதி இதழ் காலத்திலிருந்தே ஒற்றைப்படையை முடித்துவிட்டுத்தான் இரட்டைப்படைக்கு வருவாராம். முப்பது வருஷமாக ஒரே வீட்டில் ஒரே புத்தகங்கள், இது எனக்குத் தெரியாது.

“அப்புறம் சஸ்பென்ஸ் என்னத்துக்குப்பா?”

“இவளுக்கு என்ன ஆச்சுன்னு தெரியாம அங்க எப்படிப் போறது?”

ஜூன் 6
வரவில்லை.

ஜூன் 7
“இதுல விவேக் வருவானா?” மூன்று தரம் கேட்டுவிட்டார். எனக்கு அந்தத் துப்பறியும் விவேக் வராத கதைகள்தான் பிடிக்கும். அவன் வந்துவிட்டால் பாதி பயம் போய்விடும், பெண்டாட்டி ரூபலாவிடம் கிண்டல் பேச ஆரம்பித்துவிடுவான். இல்லாவிட்டால் யார் தப்புவார்கள் என்று சொல்லவே முடியாது.

ஒற்றைப்படை எல்லாம் முடிந்தது. வரவில்லை. “இரட்டைப்படைல இருப்பான்” என்றேன்.

அவர் தூங்கியதும் வராந்தா விளக்கில் மீதியைப் படித்தேன். விவேக் எங்கேயும் இல்லை.

ஜூன் 8
மத்தியானத்துக்கு மேல் வரச் சொன்னார்கள். ஷேவ் பண்ணிவிடச் சொன்னார், பண்ணினேன். இரண்டாம் அத்தியாயம் ஆரம்பித்திருக்கிறோம்.