போனுக்குள் ஒரு டெபியன்

நெட்வொர்க் லேப் தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது லேப்டாப்பின் மதர்போர்டு போய்விட்டது. சரிசெய்யப் பணமில்லை. குடியாத்தத்திலிருந்து தினமும் வேலூருக்கு பஸ்ஸில் போய் வருபவன் நான். கையில் இருந்தது அண்ணன் கொடுத்த பிக்சல் 7 மட்டும்தான்.

முதலில், ஆண்ட்ராய்டிலேயே லினக்ஸ் கட்டளைகளை ஓட்டவிடும் டெர்மக்ஸில் பயிற்சி செய்ய முயன்றேன். அருமையான ஆப். சி புரோகிராம்கள் நன்றாகவே ஓடின. ஆனால் அது ஆண்ட்ராய்டின் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) மேலேயே ஓடுகிறது. எந்த போர்ட் (நெட்வொர்க் தொடர்பு நுழையும் எண்ணிட்ட வாசல்) திறந்திருக்கிறது என்று மற்ற ஆப்கள் பார்ப்பதை ஆண்ட்ராய்டு 10லிருந்தே தடுத்துவிட்டார்கள். அதனால் ரூட் செய்யாத (முழு நிர்வாக உரிமை எடுக்காத) போனில், திறந்த போர்ட்களைப் பட்டியலிடும் நெட்ஸ்டாட் கட்டளை எதையும் காட்டாது. லேபில் அதுதான் முக்கியம்.

2025 மார்ச்சில் பிக்சல் போன்களுக்கு வந்த அப்டேட்டில் லினக்ஸ் டெர்மினல் (போனுக்குள் தனி லினக்ஸை ஓட்டும் ஆப்) சேர்ந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. செட்டிங்ஸில் பில்ட் நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அங்கே லினக்ஸ் டெவலப்மென்ட் என்விரான்மென்ட்டை ஆன் செய்தேன். டெர்மினல் ஆப் வந்துவிட்டது. முதல்முறை திறந்ததும் அரை ஜிபிக்கு மேல் இறக்கும். வீட்டில் வைஃபை கிடையாது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அன்றைய டேட்டா புதிதாக வந்ததும் அண்ணன் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு இறக்கினேன். தங்கையின் போனிலும் தேடினோம், அந்த ஆப்ஷனே இல்லை. இந்த லினக்ஸ் ஓடுவது விர்ச்சுவல் மெஷினில், அதாவது போனுக்குள் மென்பொருளால் ஆன இன்னொரு கம்ப்யூட்டரில்; அதை ஓட்ட சிப்பிலிருந்தே ஆதரவு வேண்டுமாம்.

உள்ளே இருப்பது டெபியன் என்ற முழு லினக்ஸ், தனி கர்னலோடு. மென்பொருள் நிறுவும் ஏபிடி கட்டளையால் ஜிசிசி என்ற சி கம்பைலரையும், நெட்ஸ்டாட் அடங்கிய நெட்-டூல்ஸையும் போட்டேன். சாக்கெட் சர்வரை (நெட்வொர்க்கில் வரும் கேள்விகளுக்குப் பதில் தரும் புரோகிராம்) எழுதி ஓட்டியதும் போனில் ஒரு நோட்டிஃபிகேஷன்: இந்த போர்ட்டைத் திறக்கலாமா? அனுமதித்தேன். போனின் குரோமில் லோக்கல்ஹோஸ்ட்:8080 (இதே சாதனத்தின் 8080 போர்ட்) என்று அடித்தால், விர்ச்சுவல் மெஷினுக்குள்ளிருந்து என் சர்வர் பதில் சொல்கிறது! நெட்ஸ்டாட் அடித்தேன். 8080, லிஸன்: அந்த போர்ட் தொடர்புக்காகக் காத்திருக்கிறது. பாடத்தில் படித்த ஹோஸ்ட் (போன்), கெஸ்ட் (அதற்குள் ஓடும் டெபியன்) இரண்டும் என் உள்ளங்கையில் இருந்தன. அன்றைக்குத் தூக்கமே வரவில்லை.

கஷ்டம் சூடுதான். மே மாத வேலூர் வெயிலில் மதியம் வேலை செய்தால் போன் கொதிக்கும், சார்ஜும் மளமளவென்று இறங்கும். அதனால் விடியற்காலை ஐந்து மணிக்கு மொட்டை மாடியில் உட்கார்ந்துவிடுவேன். போனில் யூஎஸ்பி கருவிகளைச் சேர்க்கும் ஓடிஜி கேபிளில் பழைய கீபோர்டு. எழுதியதை அவ்வப்போது டவுன்லோட்ஸ் ஃபோல்டருக்கும் காப்பி செய்துவிடுவேன்; அது டெபியனுக்குள் எம்என்டி ஷேர்டு (/mnt/shared) என்ற இடத்தில் தெரியும். டெர்மினலை ரீசெட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதால் இதை மட்டும் யாரும் விட்டுவிடாதீர்கள்.

தேர்வன்று லேப் கம்ப்யூட்டரில் அதே சர்வரை எழுதினேன். முதல் கம்பைலிலேயே ஓடியது.