மோட்டார் கொட்டகைத் தண்ணீர்

எங்கள் ஆய்வகத்துக்கு விவசாயிகள் கொண்டுவரும் தண்ணீர் பெரும்பாலும் குளிர்பான பாட்டிலில்தான் வரும். மஞ்சப்பையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்து, வெயிலில் சூடேறி வந்து சேரும். களைக்கொல்லி எச்சம் பார்க்க அந்தத் தண்ணீர் உதவாது. மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, குழாயில் தேங்கியது போன பிறகு, பழுப்புக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து, ஐஸ் பெட்டியில் கொண்டுவர வேண்டும். இதைச் சொல்லித் திருப்பி அனுப்புவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத வேலை. அவர்கள் கேட்க வருவது ஒரே ஒரு கேள்வி. "இந்தத் தண்ணியக் குடிக்கலாமா சார்?"

தண்ணீரிலும் மண்ணிலும் பூச்சிமருந்து, களைக்கொல்லி எச்சங்களை அளப்பதுதான் என் வேலை. இத்தனை ஆண்டுகளில் மிகக் கடினமான கேள்வியாக இருந்தது இதுதான்.

பெரும்பாலும் கேள்வி அட்ரசின் என்ற களைக்கொல்லியைப் பற்றியது. பெரம்பலூர் பக்கம் போனால் மானாவாரிக் காடெல்லாம் மக்காச்சோளம். விதைத்த மூன்றாம் நாள், மண்ணில் ஈரம் இருக்கும்போதே அட்ரசின் தெளித்துவிடுவார்கள். வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையும் அதுதான். தெளிக்காதீர்கள் என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. களை வெட்ட ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கூலி கட்டுபடியாவதில்லை. முதல் ஒரு மாதம் களையை விட்டுவிட்டால் சோளம் எழாது. அதனால் தெளிப்பவரைக் குற்றவாளி போலப் பார்க்கும் பேச்சை நான் ஏற்பதில்லை.

சரி, குடிக்கலாமா? இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500 (2012), அட்ரசினை லிட்டருக்கு 2 மைக்ரோகிராம் வரை அனுமதிக்கிறது. அமெரிக்காவில் 3. ஐரோப்பிய ஒன்றியத்தில் 0.1. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு மதிப்பு 2011 முதல் 100; அது அட்ரசினையும், அது சிதைந்து உண்டாகும் குளோரின் கொண்ட பொருட்களையும் சேர்த்துச் சொல்லும் அளவு. ஒரு கிணற்றில் லிட்டருக்கு அரை மைக்ரோகிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐரோப்பாவில் அது வரம்பைப் போல ஐந்து மடங்கு. இங்கே வரம்பில் கால் பங்கு. இன்னொரு குழப்பமும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் தன் அளவை 0.1 மில்லிகிராம் என்று எழுதும், ஐரோப்பா 0.1 மைக்ரோகிராம் என்று எழுதும். இரண்டிலும் அதே எண், நடுவில் ஆயிரம் மடங்கு வித்தியாசம். படித்தவர்கள்கூட இதில் தடுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஐரோப்பாவின் 0.1, எவ்வளவு குடித்தால் உடம்புக்குக் கேடு என்று கணக்கிட்டு வந்ததில்லை. குடிநீரில் பூச்சிமருந்து இருக்கவே கூடாது என்ற முடிவை ஓர் எண்ணாக எழுதிவைத்தார்கள், அவ்வளவுதான். அந்த முடிவு எனக்குச் சரியென்றே படுகிறது. ஆனால் அதை நம் ஊர்ப் பெண்மணி ஒருவரிடம் சொன்னால், "அப்போ எங்க ஒடம்பு வேற, அவங்க ஒடம்பு வேறயா தம்பி?" என்று கேட்கிறார். கேள்வி நியாயமானது. எண்களை எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் நான் சொல்வது இதுதான்: வேறு நல்ல தண்ணீர் கிடைக்குமென்றால் கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் அதைக் கொடுங்கள். கொதிக்க வைத்தால் போய்விடுமா என்று கேட்பார்கள். போகாது. கரி வடிகட்டி பிடித்துவைக்கும், ஆனால் கரியை நேரத்தோடு மாற்ற வேண்டும்.

இது எப்படிக் கீழே போகிறது? மண்ணில் மட்கு அதிகம் இருந்தால் அட்ரசின் அதோடு ஒட்டிக்கொள்ளும், மேல்மண்ணின் நுண்ணுயிரிகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கும். நம் மானாவாரி மண்ணில் கரிமச் சத்து பெரும்பாலும் அரை சதவீதத்துக்கும் கீழே. அத்தோடு கரிசல் மண் காரத்தன்மை உடையது. அட்ரசினைச் செயலிழக்கச் செய்யும் நீராற்பகுப்பு, அதாவது தண்ணீரோடு வினைபுரிந்து சிதைவது, புளிப்பு மண்ணில் வேகமாகவும் கார மண்ணில் மெதுவாகவும் நடக்கும். கரிசல் கோடையில் வெடிக்கிறது, பாளத்துக்குப் பாளம் கை நுழையும். வெடிப்பு மூடுவதற்குள் பெரிய மழை பிடித்தால், தண்ணீர் மேல்மண்ணில் ஊறித் தங்காமல் வெடிப்பு வழியே நேராக இறங்கிவிடும். நுண்ணுயிரி அதிகமுள்ள மேல் அடுக்கைத் தாண்டிவிட்ட பிறகு அதைச் சிதைக்க அங்கே யாரும் இல்லை. ஜெர்மனி 1991இலேயே அட்ரசினைத் தடை செய்தது. பல பத்தாண்டுகள் கழித்தும் அங்கே நிலத்தடி நீரில் அட்ரசினும், அதிலிருந்து பிரிந்த டெஸ்எத்தில் அட்ரசினும் அகப்பட்டுக்கொண்டே இருந்தன.

ஆனால் வயல்வெளி மட்டும்தான் வழி என்று நினைத்துவிடக் கூடாது. இந்த வேலையில் நான் உறுதியாக நம்பும் விஷயம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். மாதிரி எடுக்கப் போனால் நான் முதலில் பார்ப்பது மோட்டார் கொட்டகையைச் சுற்றியிருக்கும் தரையை. டேங்கில் தண்ணீர் பிடிப்பது அங்கே, மருந்தைக் கலப்பது அங்கே, தெளித்து முடித்து டேங்கைக் கழுவி ஊற்றுவது அங்கே. கிழித்த பாக்கெட் அங்கேயே கிடக்கும். அதே குழாயில் வாயை வைத்து வேலையாட்கள் தண்ணீர் குடிப்பார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து மீட்டர் அகலமான வட்டக் கிணறு, பத்து மீட்டர் தண்ணீர். ஏறக்குறைய எட்டு லட்சம் லிட்டர். கடையில் விற்கும் அட்ரசின் தூளில் பாதிதான் மருந்து. அந்தத் தூளில் நான்கே கிராம் கிணற்றில் விழுந்து கலந்தால் லிட்டருக்கு இரண்டரை மைக்ரோகிராம். நம் வரம்பைத் தாண்டியாகிவிட்டது. போர்வெல்லில் கேசிங் பைப்பைச் சுற்றி சிமென்ட் பூசாமல் மண் இடைவெளி விட்டிருந்தால், கழுவி ஊற்றிய தண்ணீர் அதன் ஓரமாகவே கீழே போகும்.

இதைச் சரிசெய்யக் கருவி எதுவும் வேண்டாம். கலப்பதையும் கழுவுவதையும் கிணற்றைவிட்டுத் தள்ளி, வயலுக்குள்ளேயே வைத்துக்கொண்டால் போதும். கழுவிய தண்ணீரை அதே சோளத்துக்கு நடுவே தெளித்துவிடலாம். சுவீடனில் 1990களில் இதற்கென்றே ஒரு குழி அமைப்பைக் கொண்டுவந்தார்கள். பாதி வைக்கோல், கால் பங்கு கரிமம் நிறைந்த பீட் (சதுப்பு நிலத்து மட்கு), கால் பங்கு மேல்மண் என்று கலந்து நிரப்பி, மேலே புல் வளர்த்து, தெளிப்பானை அதன் மேல் நிறுத்தி நிரப்புவார்கள். சிந்தும் மருந்தை வைக்கோலில் வளரும் பூஞ்சைகள் சிதைத்துவிடும். நம்மிடம் வைக்கோலுக்கும் மட்கிய எருவுக்கும் பஞ்சமா? ஒவ்வொரு கூட்டத்திலும் இதைச் சொல்கிறேன். தலையாட்டுகிறார்கள். ஓரிருவர் செய்தும் பார்த்தார்கள்.

மண்ணுக்கு வருவோம். அட்ரசின் போட்ட காட்டில் அடுத்து உளுந்தோ பாசிப்பயறோ போட்டு, முளைத்த செடி இலை விளிம்பு மஞ்சளாகி, கருகிப் போனதாகச் சொல்லி வருபவர்கள் உண்டு. சோளம் அட்ரசினைத் தன் உடம்புக்குள்ளேயே முறித்துவிடும், பயறு வகைக்கு அந்தத் திறன் கிடையாது. பயறை ஊடுபயிராகப் போட்டால் அட்ரசின் தெளிக்காதீர்கள் என்று பரிந்துரையிலேயே இருக்கிறது. கடையில் அதை யாரும் சொல்வதில்லை. இதற்கு ஆய்வகத்துக்கு வந்து சில ஆயிரம் ரூபாய் செலவழிக்கத் தேவையில்லை. அந்தக் காட்டு மண்ணை ஒரு தொட்டியிலும், மருந்தே படாத வேலியோர மண்ணை இன்னொரு தொட்டியிலும் போட்டு வெள்ளரி விதை ஊன்றுங்கள். வெள்ளரி அட்ரசினைத் தாங்காது, ஆராய்ச்சியாளர்களே அதைத்தான் காட்டும் செடியாக வளர்க்கிறார்கள். இரண்டு மூன்று வாரத்தில் இரண்டு தொட்டிக்கும் வித்தியாசம் தெரிந்தால், பயறைத் தள்ளிப்போடுங்கள்.

அறிக்கைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். "கண்டறியப்படவில்லை" என்று வந்தால் மக்கள் நிம்மதியாகப் போய்விடுகிறார்கள். எதைத் தேடினோம் என்பதை யாரும் படிப்பதில்லை. சாதாரணக் குடிநீர்ப் பரிசோதனையில் உப்பு, நைட்ரேட், ஃபுளோரைடு பார்ப்பார்கள், களைக்கொல்லி அதில் சேராது. பல மருந்துகளை ஒரே ஓட்டத்தில் தேடும் சோதனையிலும் கிளைபோசேட் என்ற களைக்கொல்லி பெரும்பாலும் சிக்காது; அதன் குணம் வேறு, அதற்குத் தனி முறை வேண்டும். அட்ரசினை மட்டும் பார்த்துவிட்டு டெஸ்எத்தில் அட்ரசினை விட்டுவிட்டால், நிலத்தடி நீரில் பல நேரம் பெரிய பங்காக இருப்பதையே விட்டதாகிவிடும். நம் தர அட்டவணையிலும் அட்ரசின் பெயர்தான் இருக்கிறது, அதன் சிதைபொருட்களின் பெயர் இல்லை. அதனால் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எதையெல்லாம் தேடினோம், எதைத் தேடவில்லை என்று தமிழில் அச்சிட வேண்டும் என்று வாதாடி வருகிறேன்.

2020இல் மத்திய அரசு 27 மருந்துகளைத் தடை செய்ய ஒரு வரைவு வெளியிட்டபோது அட்ரசினும் அந்தப் பட்டியலில் இருந்தது. இன்றும் கடையில் கிடைக்கிறது. தடை வருமோ வராதோ, அதற்காகக் காத்திராமல் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. சோளம் விளையும் ஒவ்வொரு ஊராட்சியிலும் சில குடிநீர்க் கிணறுகளைக் குறித்துவைத்து, ஐப்பசி மழை முடிந்ததும் ஒருமுறை, கோடையில் ஒருமுறை, சிதைபொருட்களையும் சேர்த்து அளக்க வேண்டும். முடிவை கிராம சபையில் படிக்க வேண்டும். அதற்கான ஆட்களும் கருவிகளும் இந்த மாநிலத்தில் இருக்கின்றன. செலவை யார் ஏற்பது என்பதில்தான் பேச்சு நிற்கிறது. அதை அந்த விவசாயி தலையில் கட்டக் கூடாது என்பது என் கட்சி.